லாரி ஃபேனை மாத்தினோம், மலையில நின்னோம்



வாழைத்தார் வெட்டு ஒரு வழியா முடிஞ்சது. இனி பத்து நாளைக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன். தோட்டம் துரவு பத்தி எழுதறவன் லாரி ஃபேனைப் பத்தி எதுக்கு எழுதறான்னு உங்களுக்குத் தோணலாம். எங்களுக்கு வண்டி ஓடினாத்தான் விவசாயம். விளைஞ்சது சந்தைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அது வெறும் காய்தான், காசு இல்லை.

எங்க ஊர் சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரம். பண்ணாரி கோயில் தாண்டினா திம்பம் மலைப்பாதை ஆரம்பிச்சிடும். 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலயும் நம்பர் போட்ட போர்டு இருக்கும். மைசூர் பக்கம் கார்ல போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மேல ஏறினா ஒரு பக்கம் ஆசனூர் வழியா சாம்ராஜ்நகர், இன்னொரு பக்கம் பிரிஞ்சா தாளவாடி. எல்லாமே புலிகள் காப்பகக் காடு. 2013-ல் அறிவிச்சது. 2022-லிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி ராத்திரி போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கு. அதனால லோடு ஏத்தினா பொழுதோட மலையைத் தாண்டிடணும்ங்கறது எங்க பக்கத்து வண்டிக்காரங்க எல்லாருக்கும் இருக்கிற அவசரம்.

நானும் என் மச்சானும் பங்கு போட்டு 6 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மினி லாரி வாங்கினோம். பழைய வண்டிதான். என் அக்கா பையன் ஓட்டறான். போகும்போது வாழைத்தார், தேங்காய், மாட்டுத்தீவன மூட்டை. வரும்போது தாளவாடியிலிருந்து முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பீட்ரூட். வாடகைக்கும் ஓடும், எங்க லோடும் ஓடும். பெரிய லாபம்னு சொல்ல முடியாது. ஆனா வியாபாரி சொன்ன விலைக்குத் தோட்டத்திலயே தலையைக் கொடுக்காம, நாங்களே கொண்டுபோய் விக்கலாம்ங்கற தைரியம் அந்த வண்டியாலதான் வந்தது.

இப்ப ஃபேன் விஷயத்துக்கு வர்றேன்.

உங்க கார்ல என்ஜினைக் குளுமையாக்கற ஃபேன் கரண்ட்ல சுத்தும். வண்டியை நிறுத்திச் சாவியைக் கழட்டின பிறகும் சில சமயம் முன்பக்கம் "உர்ர்"னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது அதுதான். சூடானா தானா ஓடும், ஆறினா தானா நிக்கும். எங்க லாரி அப்படி இல்லை. அதுல ஃபேன், என்ஜினோட பெல்ட்ல சேர்ந்தே சுத்தும். என்ஜின் ஓடற வரைக்கும் அதுவும் ஓடும். மார்கழி மாசத்து விடியக்காலைப் பனியிலயும் ஓடும். நல்ல ரோட்டுல 60-ல போகும்போது எதிர்க்காத்தே போதும்னாலும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.

இது வெட்டிச் செலவுன்னுதான் அக்கா பையன் ஆரம்பிச்சான். செல்போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு வந்து, "மாமா, அந்த ஃபேனைச் சும்மா சுத்தறதுக்கே என்ஜின் டீசலைக் குடிக்குது. கரண்ட் ஃபேன் போட்டா தேவைப்படும்போது மட்டும் ஓடும், மைலேஜ் ஏறும், வண்டி இழுவையும் கூடும்"னான். அவன் சொன்னதில தப்பு ஒண்ணுமில்லை. ஃபேன் வேகம் 2 மடங்கு ஆனா அதைச் சுத்தறதுக்கு 8 மடங்கு சக்தி வேணும். அது இயற்கையோட கணக்கு. என்ஜின் வேகமாச் சுத்தும்போது அந்த ஃபேன் சில குதிரைசக்தியைத் தின்னுடும். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல விக்கிற காலத்துல, சும்மா சுத்தறதுக்கு எவன் காசு கொடுப்பான்னு எனக்கும் தோணிச்சு.

போன வருஷம் மாசி மாசம் மாத்தினோம். எப்படி மாத்தினோம்ங்கறதுலதான் கதையே இருக்கு.

கோயமுத்தூர்ல பழைய சாமான் கடைக்குப் போய், கண்டம் பண்ணின காரிலிருந்து கழட்டின 2 ஃபேன் வாங்கினோம். லேத் பட்டறையில ஒரு பட்டி அடிச்சு ரேடியேட்டருக்குப் பின்னால நிறுத்தியாச்சு. பழைய ஃபேனைக் கழட்டிச் சாளையில மாட்டிட்டோம். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், டிரைவர் சீட்டுப் பக்கம் ஒரு சுவிட்ச். தேவைன்னா போட்டுக்க, வேண்டாம்னா அணைச்சுக்க. மொத்தச் செலவு 3,500 ரூபாய். மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னாரு: "அண்ணே, ரிலே போட்டு, தடி ஒயர் இழுத்து, சூட்டுக்குத் தானா ஓடற சுவிட்ச் வச்சா இன்னும் ஒரு 5,000 ஆகும். ஆனா அதுதான் முறை." நான்தான், "இப்போதைக்கு இது போதும்ப்பா, பின்னாடி பாத்துக்கலாம்"னேன். அந்தப் "பின்னாடி" எப்ப வந்ததுன்னு சொல்றேன்.

மாத்தின புதுசுல சந்தோஷமாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பழைய ஃபேன் போடற இரைச்சல் இல்லை. கேபின்ல உக்காந்து சாதாரணமாப் பேசிக்க முடிஞ்சது. காலையில என்ஜின் சீக்கிரம் சூடேறி, புகை குறைஞ்சது. மைலேஜை நான் நோட்டுல எழுதி வச்சேன். முன்னாடி லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர் பக்கம் கிடைச்சது, மாத்தின பிறகு பத்தைத் தொட்டும் தொடாமலும். வீடியோவுல சொன்ன அளவுக்கு இல்லைன்னாலும் மிச்சம் மிச்சம்தானே. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டக்கூடப் பெருமையடிச்சேன்.

அப்புறம் சித்திரை வந்தது.

அன்னைக்கு வாழைத்தார் லோடு, அதோட மாட்டுத்தீவனம் கொஞ்சம். தார் ஏத்தி முடிக்கவே மதியம் ரெண்டு மணி. வெயில் கொளுத்துது. அக்கா பையன் மட்டும்தான் வண்டியில. பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சிருக்கான். ஃபேன் சுவிட்சைப் போட்டுட்டுத்தான் ஏறியிருக்கான், அதுல அவன்மேல குறை இல்லை. ஆறாவது வளைவு பக்கம் பிளாஸ்டிக் தீயற மாதிரி ஒரு வாடை. முன்னால போன லாரியில பிரேக் தீய்ஞ்ச வாடையா இருக்கும்னு நினைச்சிருக்கான். அது எங்க வண்டி சுவிட்ச் உருகின வாடை. ஃபேன் ரெண்டும் அங்கயே நின்னுபோச்சு. அவனுக்குத் தெரியாது.

ஏன் தெரியலைன்னு நீங்க கேக்கலாம். சூடு காட்டற முள் இருக்குமே, அதைப் பாக்கலையா? அந்த முள் எங்க வண்டியில ரெண்டு வருஷமா வேலை செய்யலை. பழைய ஃபேன் இருந்த வரைக்கும் அதைப் பாக்க வேண்டிய தேவை வரலை, அதனால யாரும் சரிபண்ணலை. ஃபேனை மாத்தும்போதாவது அதைச் சரிபண்ணியிருக்கணும். அதுவும் "பின்னாடி"யில சேர்ந்துபோச்சு.

11-வது வளைவுல திரும்பும்போது முன்னால இருந்து வெள்ளையா ஆவி பொங்கியிருக்கு. என்ஜின் அப்படியே அடைச்சு நின்னுடுச்சு. வளைவோட நடு மத்தியில, ரோட்டை மறிச்ச மாதிரி.

திம்பத்துல ஒரு வண்டி வளைவுல நின்னா என்ன ஆகும்னு அந்தப் பக்கம் போனவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்துல மேல ஒரு கிலோமீட்டர், கீழ ஒரு கிலோமீட்டர் வண்டி நின்னுடும். ரெண்டு பஸ், கோசு லோடு, கரும்பு லோடு, கல்யாணத்துக்குப் போற வேன். செல்போன் சிக்னல் இருந்தா இருக்கும், இல்லைன்னா இல்லை. பையன் பதட்டத்துல முதல்ல செய்யப்போன காரியம் ரேடியேட்டர் மூடியைத் திறக்கறது. பின்னால கரும்பு லாரியிலிருந்து இறங்கி வந்த வயசான டிரைவர் ஒருத்தர், "டேய் தம்பி, கையை எடு! மூஞ்சியெல்லாம் வெந்துடும்"னு சத்தம் போட்டு இழுத்திருக்காரு. அந்த மூடி அழுத்தம் பிடிச்சு வச்சிருக்கும். அதனாலதான் உள்ள தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். திறந்த நொடியில அத்தனையும் ஆவியா மூஞ்சியில அடிக்கும். அந்தப் பெரியவர் யாருன்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவர் இல்லைன்னா என் அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிச்சிருப்பேன்னு தெரியலை.

அந்த நேரத்துல தாளவாடி பக்கமிருந்து ஒரு ஜீப். உள்ள ஒரு அம்மா, மடியில காய்ச்சல்ல துவண்டு கிடக்கிற குழந்தை. சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறது எங்க லாரி. பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வச்சு, கல்லை எடுத்து, மறுபடி வச்சு, அடி அடியா வண்டியைப் பின்னால விட்டுச் சுவத்துப் பக்கம் ஒதுக்கியிருக்காங்க. முக்கால் மணி நேரம் ஆச்சாம். ஜீப் போயிடுச்சு. குழந்தை நல்லாயிருக்குன்னு ரெண்டு நாள் கழிச்சு அந்த ஜீப் டிரைவர்கிட்ட விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கலை.

வண்டியை இழுத்துக்கிட்டு வந்து பாத்தா, ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட் போயிருந்தது. ரிப்பேர் 28,000 ரூபாய். வாழைத்தார் மறுநாள் வேற வண்டியில மாத்தி அனுப்பினோம், பாதி விலைக்குத்தான் போச்சு. அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தாரும் அதுல 40 இருந்தது. அவருக்கு முழு விலை நான் கொடுத்தேன். மிச்சம் பண்ணினதா நினைச்ச 5,000 எங்க போய் நின்னுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இதைக் கேட்ட எங்க ஊர்ப் பெருசுங்க எல்லாம், "நான் அப்பவே சொன்னேன், புதுசு புதுசா எதையாவது மாத்தினா இப்படித்தான்"னாங்க. எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கலை. கரண்ட் ஃபேன் மோசம்னா உலகத்துல இத்தனை கார் ஓடுமா? தப்பு ஃபேன்ல இல்லை. பழசு செய்துக்கிட்டிருந்த வேலை என்னென்னன்னு முழுசாத் தெரிஞ்சுக்காம அதைக் கழட்டினதுதான் தப்பு.

பழைய ஃபேன் காத்து அடிக்கிறது மட்டும்தான் வேலைன்னு நாங்க நினைச்சோம். உக்காந்து யோசிச்சுப் பாத்தா அது மூணு வேலை செய்துக்கிட்டு இருந்தது.

முதல் வேலை, என்ஜின் எவ்வளவு கஷ்டப்படுதோ அந்த அளவுக்குக் காத்து கொடுக்கறது. டீசல்ல இருக்கிற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்தப் போகும். மீதி சூடாத்தான் போகுது, கொஞ்சம் புகையோட, கொஞ்சம் ரேடியேட்டர் வழியா. சமதரையில வண்டி வேகமாப் போகும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். மலையில லோடோட ரெண்டாவது கியர்ல, ஆள் ஓடற வேகத்துல போகும்போது எதிர்க்காத்தே கிடையாது. என்ஜினோ உச்சக் குரல்ல கத்துது. அந்த நேரத்துல பெல்ட் ஃபேனும் அதே வேகத்துல சுத்தும். யாரும் சுவிட்ச் போட வேண்டாம்.

கரண்ட் ஃபேனுக்கு அப்படி ஏத்தம் இறக்கம் கிடையாது. எங்க ஃபேன் ஒண்ணு ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டால பெருக்கினா 240 வாட். ரெண்டும் சேர்ந்து 480 வாட். ஒரு குதிரைசக்தி 746 வாட். அதாவது ரெண்டு ஃபேன் சேர்ந்தாலும் ஒரு குதிரைசக்திகூட இல்லை. பழைய ஃபேன் பல குதிரைசக்தி தின்னுதுன்னு குறைப்பட்டோமே, அது தின்ன சக்திக்கெல்லாம் காத்தா கொடுத்துக்கிட்டு இருந்தது. கொஞ்சம் வீணும் போச்சுதான், இல்லைங்கலை. ஆனா தீனியைக் குறைச்சுட்டு அதே பாலை எதிர்பார்த்தா மாடு என்ன செய்யும்? பெரிய லாரிகள்ல இன்னைக்கும் என்ஜினே சுத்தற ஃபேன்தான் பெரும்பாலும் வருது. அவ்வளவு காத்தைக் கரண்ட்ல அடிக்கணும்னா அதுக்கு ஏத்த டைனமோவும் பேட்டரியும் வேணும், அது கட்டுபடியாகாது.

ரெண்டாவது வேலை, சாகும்போது சொல்லிட்டுச் சாகறது. எங்க வண்டியில ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூணும் ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தா டேஷ்போர்டுல பேட்டரி விளக்கு சிவப்பா எரியும். படிக்காத டிரைவருக்கும் தெரியும், உடனே ஓரம்கட்டி இறங்கிப் பாப்பான். யாரோ ஃபேனுக்குன்னு தனியா வச்ச விளக்கு இல்லை, தானா அமைஞ்ச காவல். நாங்க ஃபேனைத் தனியாப் பிரிச்சபோது அந்தக் காவலையும் கழட்டிட்டோம். வேற காவல் வைக்கலை. கரண்ட் ஃபேன் சத்தமில்லாம ஓடினது, சத்தமில்லாமலே செத்தது.

மூணாவது வேலை, டிரைவர் மறந்தாலும் தான் மறக்காம இருக்கறது. 23 வயசுப் பையன், தனியா, லோடு வண்டி, எதிர்ல பஸ், பொழுது சாயறதுக்குள்ள மலையைத் தாண்டணும்ங்கற பயம், பக்கத்துக் காட்டுல யானை. இத்தனைக்கு நடுவுல ஃபேன் சுவிட்சையும் நினைவு வச்சுக்கோன்னு அவன் தலையில இன்னொரு பாரத்தை ஏத்தினது நான். அவன் அன்னைக்கு மறக்கலை. ஆனா என்னைக்காவது ஒரு நாள் மறந்திருப்பான்.

நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். ஒரு பழைய ஏற்பாட்டைப் பாத்து "இது வீண்"னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த வீணுக்குள்ள எந்தப் பாதுகாப்பு ஒளிஞ்சிருக்குன்னு பாக்கணும். மாத்தறது தப்பில்லை. அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துப் புதுசுல கட்டிக்கொடுக்கணும். அதுக்கு ஆகற செலவுதான் மாத்தறதோட உண்மையான செலவு. அதை விட்டுட்டுப் போடற கணக்கு மிச்சக் கணக்கு இல்லை. நம்ம செலவைக் கொண்டுபோய் டிரைவர் தலையிலயும், பின்னால நிக்கிற பஸ்காரங்க தலையிலயும், ஜீப்ல இருக்கிற குழந்தை தலையிலயும் வைக்கிற கணக்கு.

இது ஃபேனோட நிக்கிற விஷயமில்லை. எங்க பக்கம் கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்தறதுக்குன்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அடிக்கடி நிறுத்துதேன்னு எரிச்சல்பட்டு அதைக் கழட்டிவிட்டு ஓட்டறவங்க எத்தனை பேர் தெரியுமா? அப்புறம் காயில் புகைஞ்சு, மோட்டாரை மேல தூக்கி, காயில் கட்ட அனுப்பறது. சொட்டுநீர்ப் பாசனம் போட்டவங்க ஃபில்டரை கழுவச் சோம்பல்பட்டு அதைத் தூக்கி ஓரமா வச்சுடுவாங்க. ரெண்டே வருஷத்துல சொட்டுவான் எல்லாம் அடைச்சு, "சொட்டுநீர் நம்ம மண்ணுக்கு ஒத்து வராது"ன்னு பேச்சு. ஒத்து வராம என்ன? அரைகுறையா எதைச் செஞ்சாலும் ஒத்து வராது.

நகரத்துல இருக்கிற நீங்களும் இதைப் பாத்திருப்பீங்க. ஒரு ஆபீஸ்ல வாசல்ல ஒரு வயசான வாட்ச்மேன் இருப்பாரு. சும்மா உக்காந்திருக்காருன்னு நிறுத்திட்டு கேமரா வைப்பாங்க. அவர் மழை வந்தா ஜன்னலைச் சாத்தினது, தண்ணி டேங்க் வழிஞ்சா மோட்டாரை நிறுத்தினது எல்லாம் அவர் போன பிறகுதான் தெரியும்.

சரி, இப்ப எங்க வண்டியில என்ன இருக்குன்னு கேப்பீங்க. ஹெட் வேலை முடிஞ்சதும் அக்கா பையனும் நானும் ரெண்டு நாள் வாக்குவாதம். அவன், "மாமா, இந்தத் தடவை ரிலே, ஃபியூஸ், தடி ஒயர், பெரிய டைனமோ எல்லாம் முறையாப் போட்டு கரண்ட் ஃபேனையே வைக்கலாம். சரியாப் பண்ணியிருந்தா அன்னைக்கு நின்னிருக்காது"ன்னான். அவன் சொன்னது உண்மைதான். சமதரையில மட்டும் ஓடற வண்டியா இருந்தா நானும் சரின்னிருப்பேன். வாரம் மூணு தடவை லோடோட 27 வளைவு ஏறற வண்டிக்கு எனக்கு மனசு வரலை.

கடைசியில மெக்கானிக் ஒரு நடுவழி சொன்னாரு. கிளட்ச் ஃபேன். அதுவும் என்ஜின் பெல்ட்லதான் சுத்தும். ஆனா நடுவுல ஒரு வட்டப் பெட்டி, உள்ள கெட்டியான சிலிக்கான் எண்ணெய். ரேடியேட்டர் வழியா வர்ற காத்து சில்லுனு இருந்தா எண்ணெய் ஒதுங்கி நின்னுக்கும், ஃபேன் மெதுவாச் சுத்தும். காத்து சூடானா முன்னால இருக்கிற ஒரு உலோகச் சுருள் விரிஞ்சு எண்ணெய்க்கு வழிவிடும், ஃபேன் முழு வேகம் பிடிக்கும். சுவிட்ச் இல்லை, ஒயர் இல்லை. எங்க வண்டிக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு தேடிப் பிடிச்சுப் போட்டோம். அதோட சூடு காட்டற முள்ளைச் சரிபண்ணி, சூடு மிஞ்சினா கத்தற ஒரு பஸ்ஸரும் வச்சோம். மொத்தம் 11,000 ரூபாய். மைலேஜ் பழசுக்கும் கரண்ட் ஃபேனுக்கும் நடுவுல நிக்குது. ராத்திரி தூக்கம் வருது.

கரண்ட் ஃபேனுக்கு மாத்தியே தீருவேன்னு நினைக்கிறவங்களுக்கு, அடிபட்டவன் சொல்றேன். ஃபேனோட விலையைக் கேக்காதீங்க, ஒயரிங்கோட விலையைக் கேளுங்க. ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடணும். சூடானா தானா ஓடற சுவிட்ச், அது கெட்டுப்போனா கையால போட இன்னொரு சுவிட்ச். ரேடியேட்டர் முழுசும் காத்து இழுக்கிற மாதிரி சுத்தி ஒரு கவர். டைனமோ அந்தப் பாரத்தைத் தாங்குதான்னு பாக்கணும், ராத்திரியில ஹெட்லைட்டோட சேர்த்துப் பாக்கணும். ஃபேன் நின்னா டிரைவர் கண்ணுல படற மாதிரி ஒரு விளக்கு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் பழைய ஃபேன் கழட்டின இடத்திலயே இருக்கட்டும்.

கார் வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ட்ராஃபிக்ல நிக்கும்போது சூட்டு முள் ஏறிக்கிட்டே போய், ஃபேன் சத்தம் கேக்கலைன்னா உடனே ஏ.சி.யை அணைச்சு, ஹீட்டரை முழுசாத் திறந்துவிடுங்க. உள்ள வேகும்தான். ஆனா என்ஜின் சூட்டைக் கொஞ்சம் அது வாங்கிக்கும். ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்க. ஆவி அடங்கி, கைக்கு ஆறாம மூடியில கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, மலைப்பாதையில கார்ல இறங்கும்போது, கீழ இருந்து லோடு லாரி ஏறி வந்தா கொஞ்சம் நின்னு வழிவிடுங்க. ஏறற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு சாலை விதியே சொல்லுது. நீங்க ரெண்டு நிமிஷம் முந்தறதுக்காக அந்த லாரியை வளைவுல நிறுத்திட்டா, நின்ன இடத்திலிருந்து லோடை மறுபடி கிளப்பறதுக்கு அந்த என்ஜின் படற பாடு கொஞ்சநஞ்சமில்லை. சூடு ஏறறதே அந்த மாதிரி இடத்துலதான். பின்னால நின்னு ஹாரன் அடிக்கிறதால ஃபேன் வேகமாச் சுத்தாது.

அக்கா பையன் இப்பவும் கரண்ட் ஃபேன் கட்சிதான். நான் கிளட்ச் ஃபேன் கட்சி. வீட்டுல சோறு போடும்போதுகூட இந்தச் சண்டை நடக்கும், எங்க ஊட்டம்மா தலையில அடிச்சுக்குவா. ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் ஒண்ணு. மலை ஏறறதுக்கு முன்னாடி பண்ணாரியில வண்டியை நிறுத்தி, அம்மனைக் கும்பிட்டு, அப்புறம் முன்பக்கம் திறந்து தண்ணி பாத்து, பெல்ட்டைக் கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டுத்தான் வண்டி ஏறும். முன்னெல்லாம் அவன் கும்பிடு போட்டுட்டு நேரா ஏறிடுவான்.

அடுத்த தடவை வாழை விலை பத்தி எழுதறேன். அதுல புலம்பல் நிறைய இருக்கும், இப்பவே மன்னிச்சுக்குங்க.